தொட்டிக்குள் பூசிய சுண்ணாம்பு

ஃப்ளோரன்ஸ் டீச்சருக்கு மெதுவாகப் பேச வராது. இருபத்தாறு வருஷம் ஐந்தாம் வகுப்பில் அறுபது பெண்பிள்ளைகளைக் கட்டி மேய்த்த தொண்டை. சாந்தோமில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கீரைக்காரியிடம் "கட்டு வாடியிருக்கு" என்று அவள் சொன்னால், அன்றைக்கு அடுத்த தெருவிலும் கீரை விலை போகாது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. சரியானதைத்தானே சொல்கிறோம், சத்தமாகச் சொன்னால் என்ன என்பது அவள் கட்சி. தான் சொன்னது தப்பாகிப் போகும் என்ற யோசனையே நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அவளுக்கு வந்ததில்லை. வந்தது 1946-ஆம் வருஷம், ஒரு மரத்தால்.

தரையில் நின்ற மரம் இல்லை அது. அவள் வீட்டுப் பின்கட்டு முற்றத்தில், பாதிப் பீப்பாய்க்குள் நின்ற மாக்னோலியா. பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரீயாக இருந்த மதர் பெனடிக்டா, நீலகிரியிலிருந்து ஒரு சாண் கன்றாக ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பூசைக்குத் திராட்சரசம் வந்த பீப்பாயைக் குறுக்கே அறுத்து அதில் நட்டார்கள். ஊட்டிச் செடி பட்டணத்து வெயிலில் ஒரு கோடை தாங்காது என்று சொன்னவர்கள் முன்னால் அது பதினோரு வருஷம் வளர்ந்து ஆள் உயரத்தையும் தாண்டியது. இலையின் மேற்புறம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், அடிப்புறம் துரு நிறம். பூ வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் பூக்கும். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். முதல் பூ மாதா பீடத்துக்கு. உலகச் சண்டை முடிந்து, கப்பலில் இடம் கிடைத்து, மதர் அயர்லாந்துக்குக் கிளம்பியபோது மரத்தை ஃப்ளோரன்ஸிடம் ஒப்படைத்தார். "உன்னிடம் இருந்தால் எனக்குக் கவலை இல்லை" என்றார். பள்ளிக்கூடத்தில் இன்னும் பதினாலு டீச்சர்கள் இருந்தார்கள் என்பதை ஃப்ளோரன்ஸ் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்க விடவும் இல்லை.

கடலுக்குப் பக்கமென்பதால் அந்தத் தெருக் கிணறுகள் எல்லாமே உப்பு. பாத்திரம் கழுவலாம், துணி அலசலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் தெருக்கோடி குழாயிலிருந்துதான் நல்ல தண்ணீர் வர வேண்டும். மாக்னோலியாவும் நல்ல தண்ணீர்தான் குடிக்கும். கொண்டுவந்து ஊற்றியவள் தேவானை. கால்வாய் ஓரத்துக் குடிசையில் இருந்தவள். புருஷன் கிளிஞ்சல் சுடும் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்து, நெஞ்சு கெட்டு இருமி இருமியே செத்துப் போனவன். அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு அவள் தண்ணீர் எடுத்தாள். அந்த நாலு வீட்டுத் தண்ணீரில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

அந்த ஆடி மாதம் பீப்பாயின் இரும்புப் பட்டை துருப்பிடித்து அறுந்தது. அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. ஃப்ளோரன்ஸ் மூர்மார்க்கெட்டில் சொல்லிவைத்துப் பெரிய பீப்பாய் ஒன்று வாங்கினாள். அறுத்தாள். அடியில் ஓட்டை போட வைத்தாள். இதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்கப்புறம் அவளுக்கு அவள் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா சவரிமுத்து உபதேசியார். திருநாள் கொடியேறுவதற்கு முன் வாரம் கோயிலில் அசையாமல் நிற்கும் எதையும் விட்டுவைக்க மாட்டார். மதில், தென்னமரம், பூந்தொட்டி எல்லாவற்றுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து வெள்ளை அடித்துவிடுவார். வெள்ளை அடித்த இடத்தில் கரையானும் அண்டாது, பிசாசும் அண்டாது என்பது அவர் நம்பிக்கை. அவர் தொட்டிக்கு வெளியேதான் அடித்தார். மகள் ஒரு படி மேலே போனாள். கரையான் தின்றது உள்பக்கத்தைத்தானே? பீப்பாயின் உள்ளே மூன்று பூச்சு பூசினாள். மிச்சம் வீணாகப் போவானேன் என்று, எறும்பு வராமல் இருக்கட்டும் என்று, மண்ணிலும் இரண்டு கை கலந்தாள்.

தேவானை குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள எதுக்கும்மா சுண்ணாம்பு? எங்க காளவாயாண்ட புல்லுகூட மொளைக்காதும்மா."

"உனக்குத் தெரிஞ்சது தண்ணி. அதைப் பாரு," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கைவண்டிக்காரர்கள் இரண்டு பேர் மரத்தைப் பழைய பீப்பாயிலிருந்து கழற்றிப் புதியதில் இறக்கினார்கள். வேரெல்லாம் பனங்கிழங்கு போல வெள்ளை வெளேரென்று தடித்திருந்தது. தேவானை மண் தள்ளி, நல்ல தண்ணீர் நாலு குடம் ஊற்றினாள். வெளியிலும் ஒரு பூச்சு அடித்தபிறகு தொட்டி முதல் நன்மை வாங்க வெள்ளை உடுத்திப் போகும் பிள்ளை மாதிரி இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மதருக்கு அன்றைக்கே கடிதம் எழுதினாள்.

ஆவணி கடைசியில் இலை வெளுத்தது. முதலில் தளிர், பிறகு நடு இலை. புரட்டாசி பிறந்தபோது பாதி மரம் மஞ்சள். ஃப்ளோரன்ஸ் புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். இன்னும் மஞ்சளானது. சாணியெரு போட்டாள். இலை கொட்டத் தொடங்கியது. யாரோ தன் வகுப்பில் எதிர்த்துப் பேசுவதுபோல அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தப்பு எங்கோ நடக்கிறது, நடப்பது தன் கையால் இல்லை, அப்படியானால் யார் கையால் என்று அவள் மனசு ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆள் அகப்பட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டது. ஃப்ளோரன்ஸ் கொல்லைப்பக்கக் கதவைத் தள்ளியபோது, தேவானை கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கிணத்துத் தண்ணியா ஊத்துறே?"

தேவானை தலையைக் குனிந்துகொண்டாள். அது போதுமே. குனிந்த தலைக்கு மேல் விசாரணை எதற்கு?

வேலையைவிட்டு நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். மறுநாளுக்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடி நின்றபோது ஃப்ளோரன்ஸ் சொன்னாள்: "கேட்டுக்குங்க எல்லாரும். தேவானை நல்ல தண்ணின்னு சொல்லிட்டு உப்புத் தண்ணி ஊத்தறா. மதர் மரத்தையே கொன்னுட்டா. உங்க சமையல் பானையில என்ன ஊத்தறாளோ, யாருக்குத் தெரியும்?" வழக்கமாக ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வாரத்துக்கான கொல்லைக் கதவுச் சாவியை வாங்க, தேவானை கோயில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். அன்றைக்கும் வந்திருந்தாள், மன்னிப்புக் கேட்கலாம் என்று. ஃப்ளோரன்ஸின் குரல் கேட்டைத் தாண்டி, இளநீர்க்காரனைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனது. தேவானை தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை மற்ற மூன்று வீடும் அவளை நிறுத்திவிட்டன.

புரட்டாசி நடுவில் வந்த மிக்கேல்மஸ் விடுமுறையில் தேனாம்பேட்டையிலிருந்து பீர் முஹம்மது வந்தார். பூச்செடிப் பண்ணை வைத்திருந்தவர். பெரிய பங்களாத் தோட்டங்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"தண்ணிக்காரி உப்புத் தண்ணி ஊத்திட்டா," என்று ஃப்ளோரன்ஸ் ஆரம்பித்தாள். "நான் என் கண்ணால பாத்தேன்."

"ஊத்தியிருப்பா டீச்சரம்மா. உப்புத் தண்ணின்னா இலை ஓரம் கருகிப் பூடும். இத்தப் பாருங்க. நரம்பு பச்சையா கீது, நடுவுலதான் மஞ்சள். இது தண்ணி வேலை இல்லே."

இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, தொட்டியின் விளிம்புக்கு உள்ளே, மண்ணுக்குக் கீழே விட்டுச் சுரண்டினார். கத்தி வெள்ளையாக வெளியே வந்தது.

"உள்ளயா பூசினீங்க? இந்த மரத்துக்குச் சுண்ணாம்பு விஷமாச்சே. யார் செஞ்சது?"

தேவானை குடத்தை இறக்கிவைத்து நின்றதும், காளவாய்ப் புல்லைப் பற்றிச் சொன்னதும், தான் சொன்ன பதிலும் ஃப்ளோரன்ஸுக்கு ஒன்று விடாமல் ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"பீப்பாய்க் கடையில பூசிக் குடுத்திருப்பான்."

பீர் முஹம்மது குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். வெள்ளைத் துகள் அங்கங்கே தெரிந்தது.

"கடைக்காரன் மண்ணுலயுமா கலந்து குடுத்தான்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஃப்ளோரன்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. அறுபது பிள்ளைகளில் பொய் சொல்லும் பிள்ளையைக் காதைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள், சிவந்துவிடும். தன் காது இரண்டும் இப்போது நெருப்பாகக் காய்ந்தன.

"சாவலே. பொழைக்க வெக்கலாம்," என்றார் பீர் முஹம்மது, அவள் முகத்தைப் பார்க்காமல். "செம்மண்ணும் இலைமக்கும் அனுப்பறேன். வெளிய எடுத்து, வேர்ல ஒட்டின இந்த மண்ண கையாலயே உதுத்துடணும். கத்தி கூடாது. இந்த மரத்துக்கு வேர் சதை மாதிரி, வெட்டினா அழுகிடும். முன்ன இருந்த ஆழத்துக்கு மேல ஒரு விரல்கூட புதைக்கக் கூடாது. எருவு, புண்ணாக்கு ஒண்ணும் வேணாம். நல்லா துருப்புடிச்ச ஆணி பத்து போட்டு, மேல தென்ன நார் பரப்பிடுங்க. ஒரு மாசம் முச்சூடும் நெழல்ல வெக்கணும். ஆனா ஒத்தை ஆளா முடியாது. தண்ணி ஊத்திக்கினு இருந்த அம்மாவயே கூப்டுக்குங்க. அவங்களுக்கு மரம் பழக்கம்."

சனிக்கிழமை அவள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் உட்கார்ந்திருந்த மரக் கூட்டின் முன் முழங்கால் போட்டு, "ஒரு ஸ்திரீ மேலே தீர விசாரிக்காமல் கோபப்பட்டேன் சாமி," என்றாள். அத்தனை பொடி எழுத்தில் தன் பாவத்தை எழுத அவளைத் தவிர யாரால் முடியும்? சாமியார் பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மாதா பீடத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூசியது. சாமியாரிடமே மழுப்பிப் பேசியிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது, மாதாவுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலை கால்வாய் ஓரம் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனாள். 'தப்பு என்னோடது, தேவானை. உன்னோடது இல்லை.' இவ்வளவுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

தேவானை குடிசையில் இல்லை. காளவாயில் இருப்பதாகப் பக்கத்துக் குடிசைக்காரி கை காட்டினாள். புருஷனைத் தின்ற அதே காளவாய். வாயிலும் மூக்கிலும் துணியைக் கட்டிக்கொண்டு தேவானை கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தாள். புருவம், முடி, புடவை எல்லாம் வெள்ளை. கண் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன. ஃப்ளோரன்ஸைப் பார்த்ததும் சல்லடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா! நீயா வந்தே? மரம் செத்துப் பூட்சாம்மா?"

"இல்லே தேவானை, நான் வந்தது..."

"நான்தாம்மா கெடுத்தேன்." ஃப்ளோரன்ஸின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள் அவள். "என் தங்கச்சிக்கு புள்ள வலி எடுத்துக்கினு கெடந்துச்சு. ரெண்டு நாளு கொழாயாண்ட வரிசைல நிக்க முடியல. கெணத்துத் தண்ணிய ஊத்திட்டேன். ரெண்டே நாளும்மா, மாதா சத்தியமா. மத்த வூட்டுக்கு அப்பிடி ஒரு நாளும் செய்யல. பச்ச மரத்தக் கொன்ன பாவம் எனக்கு வேணாம்மா. ராத்திரில தூக்கம் வர்லே. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

ஃப்ளோரன்ஸ் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். ஒப்பித்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் எதிரில் ஒருத்தி தப்பை எல்லாம் வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளை மன்னித்துப் பழகிய வாய், தானாகத் திறந்தது.

"போகட்டும், எழுந்திரு. மன்னிச்சுட்டேன்."

தேவானை அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மரத்தை மாற்ற வருவதாகச் சொன்னாள். திரும்பி நடந்தபோது ஃப்ளோரன்ஸின் புறங்கையில் அந்தச் சுண்ணாம்பு ஈரத்தோடு ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்தாள். தான் இவ்வளவு அற்பமானவள் என்று யாராவது அதற்கு முன் சொல்லியிருந்தால் அவள் அவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள்.

செய்தி அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. எதிர் வீட்டு ஐரின், தேவானை தண்ணீர் எடுத்த வீட்டுக்காரிகளில் ஒருத்தி, வாசலுக்கே வந்தாள்.

"நீங்களே அவ குடிசைக்குப் போய் மன்னிச்சீங்களாமே டீச்சர்! இந்த மனசு யாருக்கு வரும்? நீங்க சொன்னா நானும் அவளைத் திரும்ப வெச்சுக்கிறேன். ஆனா கொல்லையோட சரி. குடிக்கிற தண்ணியை மட்டும் தொட விட மாட்டேன், ஒரு தரம் ஏமாத்தினவதானே."

ஃப்ளோரன்ஸ் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க்காரியை வைத்துக்கொள்வார்களாம், தண்ணீரைத் தொட விடமாட்டார்களாம். தன் வாயிலிருந்து போன ஒரு சொல் இன்னும் அங்கே உட்கார்ந்துகொண்டு தேவானையை உள்ளே விடாமல் மறிக்கிறது. அன்றைக்கு ஃப்ளோரன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பீர் முஹம்மது தன் ஆட்கள் இரண்டு பேரோடு வந்து, பீப்பாயைச் சாய்த்து, அதன் இரும்புப் பட்டையைத் தளர்த்தி, மரத்தை உருவி ஈரச் சாக்கின் மேல் கிடத்தினார். "ஜும்மாவுக்கு நேரமாச்சு. வேரை மெள்ள உதுத்து வையுங்க, தொழுதுட்டு வந்து நிறுத்தறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முற்றத்தில் இரண்டு பெண்களும் மரமும் மட்டும்.

பனங்கிழங்காக இருந்த வேரின் நுனியெல்லாம் காவி ஏறிச் சுருங்கிப் போயிருந்தது. தேவானை ஒரு குழந்தையின் தலைமுடியைச் சிக்கெடுக்கிற மாதிரி விரலால் மண்ணைப் பிரித்தாள். கட்டி கட்டியாக வெள்ளை உதிர்ந்தது. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தாள். நாக்கு நுனியால் தொட்டாள். பிறகு திரும்பிக் காலி பீப்பாயின் உட்பக்கத்தைப் பார்த்தாள். பூச்சு இன்னும் கெட்டியாகவே இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு அல்லவா, அப்பா சொன்னபடி லேசில் போகாது.

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா," என்றாள் தேவானை மெதுவாக.

கைவண்டிக்காரர்கள் மேல் போடலாம். கடைக்காரன் இருக்கிறான். ஃப்ளோரன்ஸ் இரண்டையும் நினைத்தாள், நினைத்ததற்காகவே தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

"சொன்னே. நான் கேக்கல. மரத்தைக் கெடுத்தது நான் தேவானை. உன் தண்ணி இல்லே. இது தண்ணி வேலையே இல்லியாம். பாய் சொன்னார்."

தேவானையின் கை வேர் மேலேயே நின்றது.

"பாய் எப்ப சொன்னாரு?"

"லீவு விட்ட மறுநாள்."

"அப்போ, காளவாய்க்கு வந்தியே... அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினேதான் என்னை மன்னிச்சியா?"

ஃப்ளோரன்ஸ் ஆமாம் என்றாள். ஆமாம் என்ற சொல் அத்தனை கனமென்று அவளுக்குத் தெரியாது. தேவானை கத்தியிருக்கலாம், திட்டியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் மறுபடி வேரைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"கைய வெச்சுக்கினு குந்திக்கினா காஞ்சு பூடும். மொதல்ல மரத்தப் பாரு," என்றாள்.

ஒவ்வொரு வேரும் சுத்தமாகும்வரை தேவானை எழுந்திருக்கவில்லை. ஃப்ளோரன்ஸ் பீப்பாயின் உள்ளே குனிந்து சுரண்டினாள், நகம் பெயர்ந்தது, கழுவிக் கழுவி ஊற்றினாள். பீர் முஹம்மது திரும்பி வந்து, அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டு, செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பி, பழைய ஆழத்துக்கே மரத்தை நிறுத்தினார். ஆணியையும் நாரையும் ஃப்ளோரன்ஸ் போட்டாள். எல்லாம் முடிந்ததும் தேவானை கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக் கதவருகே நின்றாள்.

"ஞாயித்துக்கிழம கேட்டாண்ட வர்றேன். அன்னிக்கு எங்க நின்னு சொன்னியோ, அங்கயே நின்னு இத்தயும் சொல்லு."

ஞாயிறு பூசையில் பிரசங்கம் எதைப் பற்றி என்று ஃப்ளோரன்ஸை யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. பூசை முடிந்து பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஐரின் வந்தாள். அதே படி, அதே கூட்டம். கேட்டுக்கு வெளியே, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், தேவானை.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் ஃப்ளோரன்ஸ். "அந்த மரத்து விஷயத்துல தேவானை மேல தப்பு இல்லே. தொட்டியில நான்தான் சுண்ணாம்பு பூசிட்டேன். அதனாலதான்..."

அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேருக்குக் கேட்டது. அவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"விடுங்க டீச்சர்," என்றாள் ஐரின். "தண்ணிக்காரிக்காகப் போய் இவ்வளவு மனசைக் கஷ்டப்படுத்திக்குவாங்களா?"

ஃப்ளோரன்ஸ் கேட்டைப் பார்த்தாள். தேவானை அங்கிருந்தே காதருகே கையை வைத்துத் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"கேக்கலம்மா!" என்றாள் உரக்க. "அன்னிக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ளோரன்ஸ் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஐந்தாம் வகுப்புக் கடைசிப் பெஞ்சுக்கு எட்டும் அந்தக் குரலை எடுத்தாள்.

"தேவானை ஒரு தப்பும் செய்யல! அந்த மரத்தைக் கெடுத்தது நான்! உள்ளே சுண்ணாம்பு பூசினது நான், மண்ணுல கலந்தது நான், வேணாம்னு அவ சொன்னப்போ கேக்காதது நான்! உங்க வீட்டுப் பானையில அவ ஒரு நாளும் உப்புத் தண்ணி ஊத்தல. அதை இட்டுக்கட்டிச் சொன்னதும் நான்தான்! உண்மை தெரிஞ்ச பின்னாலயும், அவளை மன்னிச்சேன்னு சொல்லி நல்ல பேர் வாங்கிட்டு வந்தேன்! வெக்கமா இருக்கு எனக்கு!"

இளநீர்க்காரன் அரிவாளை ஓங்கியபடியே நின்றுவிட்டான். மேல்மாடி வராந்தாவில் சாமியார் எட்டிப் பார்த்தார். ஐரினின் வாய் திறந்தபடி இருந்தது. ஃப்ளோரன்ஸின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவும் கை வரவில்லை. கேட்டுக்குப் போனாள். கையில் கொல்லைக் கதவுச் சாவி இருந்தது. நீட்டினாள்.

தேவானை சாவியைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"கேட்டுச்சும்மா," என்றாள். "ஐரினம்மா வூட்டுக்கும் மத்த வூட்டுக்கும் கூப்ட்டா வர்றேன். உன் வூட்டுக்கு வர்லே. மரத்துக்கு நீயே ஊத்து."

மறுநாள் விடிந்ததும் ஃப்ளோரன்ஸ் டீச்சர் இடுப்பில் குடத்தோடு தெருக்கோடிக் குழாயடிக்கு வந்தாள். குடம் வைத்துப் பழகாத இடுப்பு, இரண்டு தரம் நழுவியது. வரிசையில் ஐரின் வீட்டுக் குடத்தோடு தேவானை நாலு பேர் தள்ளி முன்னால் நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் பெண்கள் பதறி விலகினார்கள். "வாங்க டீச்சரம்மா, மொதல்ல நீங்க புடிங்க," என்று ஒருத்தி குழாயடியிலிருந்து தன் குடத்தையே எடுத்துவிட்டாள். தேவானை மட்டும் திரும்பவில்லை.

"வேணாம். நான் வரிசையிலயே நிக்கிறேன்," என்றாள் ஃப்ளோரன்ஸ். பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும்தான் அது கேட்டது.